இடுகுறியும் காரணக்குறியும்: மிடி விசைப்பலகை பற்றிய ஒரு நோக்கு

விசைப்பலகை வாத்தியங்கள் நமது இசைக்கு ஒவ்வாதவை என்னுங் கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஆர்மோனியத்தைப் பாரதியார் கடிந்து எழுதினார். கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் அதனை ஏற்றாரல்லர். அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்து, 1971இலேயே தளர்த்தியது. ஆயினும் ஈழத்திலும் தமிழகத்திலும் இசைநாடக மேடை ஆர்மோனியத்தின் துணையுடனேயே வளர்ந்தது. அறிஞர் தீர்ப்பும் அரங்க வழக்கும் இங்ஙனம் முரண்பட்டு நின்றமை அவதானிக்கத்தக்கது.

எதிர்ப்பாளரின் வாதம் எளியது. ஒரு கட்டைக்கு ஒரு சுரம். இரு கட்டைகளுக்கிடையே வழியில்லை. கமகமோ அவ்விடைவெளியில் வாழ்வது. ஆர்மோனியத்தைப் பொறுத்தவரை இவ்வாதம் வலிமையுடையதே. ஆனால் இன்றைய மின்னணு விசைப்பலகை மீதும் அதனையே மாற்றமின்றி ஒப்புவிப்பது திறனாய்வாகாது.

1983இல் வெளிவந்த மிடி நியமத்தின்படி, கட்டையை அழுத்தும்போது கருவியிலிருந்து செல்வது ஒலியன்று, எண்களே. குமிழொன்றைத் திருகினால் அதற்குரிய எண்ணும், 0 முதல் 127 வரையான ஓர் அளவும் செல்லும். 7 ஒலியளவையும் 64 நீட்டல் மிதியையும் குறிக்குமென நியமமே வரையறுத்துள்ளது. வேறு பல எண்களுக்கு வாசிப்பவரே பொருள் வகுத்துக்கொள்ளலாம். நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுப்பார். தொழிற்சாலையிலிருந்து வரும் குமிழ் நமக்கு இடுகுறி. நமது இசையின் தேவையறிந்து அதற்கொரு பணியை ஒதுக்கும்போதே அது காரணக்குறியாகின்றது.

இவ்வொதுக்கீட்டின் பயனைத் தோடியிற் காணலாம். அதன் சாதாரண காந்தாரம் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே அசைவது. காந்தாரத்திலிருந்து கீழே ரிஷபம் இரண்டு அரைச்சுரம். மேலே மத்திமமும் இரண்டு அரைச்சுரம். சுருதியை வளைக்கும் சில்லுக்குப் பெரும்பாலான கருவிகளில் இயல்பாக அமைந்துள்ள எல்லையும் இருபுறமும் இரண்டு அரைச்சுரமே. ஆகவே அவ்வசைவுக்கு அது போதும். ஆனால் சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே இழுப்பிற் செல்லும் ஜாருவுக்கு ஏழு அரைச்சுரம் வேண்டும். எல்லையைப் பன்னிரண்டாக விரித்தால் ஜாரு கைகூடும். சில்லின் சிறு அசைவே பெரும் மாற்றத்தை விளைவிப்பதால் காந்தாரத்தின் நுண்மை கைநழுவும். எனவே எல்லையை இராகத்துக்கேற்ப வகுத்தல் வேண்டும். இது பொறியியலாளரின் வேலையன்று, இசையறிவின் வேலையாகும்.

நமது குறை இங்கேதான் உள்ளது. எனது ஊராகிய கிளிவெட்டி முதலாகத் திருகோணமலை மாவட்டத்துச் சிற்றூர்களின் விழா மேடைகளில் விசைப்பலகை இன்று புதுமையன்று. வலக்கை விரைந்தோடுகின்றது, இடக்கையோ சில்லையும் குமிழ்களையும் பெரும்பாலும் தீண்டுவதில்லை. நாதஸ்வரம் எனப் பெயரிட்ட ஆயத்த ஒலியைத் தெரிந்து கட்டைகளை அழுத்தினால் நாதஸ்வரம் பிறந்துவிடுமா? நாதஸ்வரக் கலைஞர் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தையே மூச்சினால் வளர்ப்பார், தேய்ப்பார். விசைப்பலகையில் அதற்கென 11ஆம் எண்ணுக்குரிய வெளிப்பாட்டுக் கட்டுப்பாடு உண்டு. அதனை ஒரு மிதிக்கு ஒதுக்கினால் காலே மூச்சின் பணியை ஓரளவு ஏற்கும். அவ்வாறு செய்யாது எழுப்பப்படும் தட்டையான ஒலியையே சிறுவர் நாதஸ்வரமெனக் கேட்டுப் பழகுவாராயின், இழப்பு மேளக்காரருக்கு மட்டுமன்று, கேட்கும் செவிக்குமாகும்.

கருவியின் எல்லைகளையும் மறைத்தலாகாது. சில்லு ஒரு தடத்தில் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தையும் ஒருங்கே வளைக்கும். அதே தடத்தில் ஆதார சட்ஜத்தை ஒலிக்கவிட்டால் அதுவும் வளைந்துவிடும். சுருதிச் சில்லுக்கு மிடி நியமம் 16,384 படிகளுக்கு இடமளிக்கின்றது. சாதாரண குமிழுக்கோ 128 படிகளே. இரு ஸ்தாயிகளின், அதாவது 24 அரைச்சுரங்களின் பரப்பை அத்தகைய குமிழொன்றுக்கு ஒதுக்கினால், ஒவ்வொரு படியும் அரைச்சுரத்தின் ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகத் தாவும்; இழைந்து செல்லாது. 2018இல் ஏற்கப்பட்ட விரிவாக்கம் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தடம் அளித்து முதற் குறையைக் களைய முயன்றது. ஏ. ஆர். ரஹ்மான் வாசித்துவரும் கண்டினியம் என்னும் கருவி கட்டைகளையே நீக்கி, விரல் வழுக்கிச் செல்லும் பரப்பைத் தந்தது. எனினும் விலைமிக்க கருவி வரும்வரை காத்திருத்தல் தகாது; கையிலுள்ளதை முற்றாகப் பயன்படுத்திய பின்னரே அதன் போதாமையைப் பற்றிப் பேசும் உரிமை நமக்குண்டு.

எண்ணும் இசையும் கிழக்கிலங்கைக்கு அந்நியமானவையல்ல. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த யாழ் நூலிற் பண்டை யாழின் சுரங்களைக் கணித வழியில் ஆராய்ந்தார். அவர் பெயராலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்குகின்றது. இசை பயிலும் மாணவர் இராக இலக்கணத்தோடு சில்லின் எல்லையையும் குமிழின் பணியையும் வகுக்கக் கற்பாராயின், விசைப்பலகை நமதா பிறரதா என்னும் பழைய வழக்குக்கு ஏட்டிலன்றி மேடையிலேயே விடை கிடைக்கும்.