போர்வைக்குள் ஒரு முயல்

"அவன் திருந்தவில்லையே சேர், பயந்துபோய்த்தானே கொடுத்தான்?"

கொண்டச்சியில் ஒரு வகுப்பறை. மூன்றாந் தவணையின் இறுதி நாட்கள். பரீட்சை முடிந்து, பாடம் நடத்தவும் மனமின்றி, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவும் வழியின்றி இருந்த ஒரு பொழுதில், ஆங்கில ஆசிரியரின் மடிக்கணினியில் இரண்டு நத்தார்க் கார்ட்டூன் படங்களைப் போட்டுக் காட்டினோம். இரண்டும் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1843ஆம் ஆண்டில் எழுதிய 'கிறிஸ்மஸ் கரோல்' என்னும் கதையின் வழிவந்தவை. ஸ்குரூஜ் என்ற கருமியான கிழ வியாபாரி, நத்தாருக்கு முந்திய இரவில் ஆவிகளைக் கண்டு அஞ்சி, மறுநாள் காலை மனம் மாறி எழுந்து, தன் குமாஸ்தாவான பொப் கிறட்சிற்றுக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுக்கும் கதையை வாசகர்கள் அறிவார்கள். மேலே குறித்த கேள்வியைக் கேட்டவள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் கேட்டது இரண்டு படங்களில் சிறியதைப் பற்றி.

அந்தச் சிறிய படம் 1979ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட 'பக்ஸ் பன்னியின் கிறிஸ்மஸ் கரோல்'. பிரிஸ் பிரெலெங் இயக்கியது. எட்டு நிமிட அளவே ஓடும். மூலக்கதையைக் கேலி செய்வதன்றி அதற்கு வேறு நோக்கமில்லை. மீசைக்காரக் கொள்ளையனாகக் குழந்தைகள் அறிந்திருக்கும் யோசமிற்றி சாம் இங்கே ஸ்குரூஜ். போர்க்கி என்னும் பன்றி குமாஸ்தா. நோயாளிக் குழந்தை ரைனி ரிம்மாக வருவது ஒரு மஞ்சட் குருவி. குளிரில் நடுங்கும் குமாஸ்தாவுக்கு ஒரு துண்டு நிலக்கரி தரவும் முதலாளிக்கு மனம் வரவில்லை. பக்ஸ் பன்னி என்ற முயல் இதைக் காண்கிறது. புத்தி சொல்லிப் பார்க்கிறது, பலிக்கவில்லை. இரவில் வெள்ளைப் போர்வை ஒன்றைத் தலையோடு மூடிக்கொண்டு ஆவியாக வந்து நிற்கிறது. சிவப்பு உடுப்புக்காரரிடம் உன்னைக் கூட்டிப் போகிறேன் என்கிறது. நத்தார்த் தாத்தாவைச் சொல்கிறதாக்கும் என்று கிழவன் மகிழ்கிறான். முயல் சொன்னதோ நரகத்தின் அதிபதியை! அவ்வளவுதான், கிழவனின் பணப்பை திறந்துவிடுகிறது.

எம் வகுப்பு கைதட்டியது. அந்த மாணவி மட்டும் கைதட்டாமல் கேள்வி கேட்டாள். நூற்றெண்பது ஆண்டுகளாக மேனாட்டு விமர்சகர்கள் பலர் டிக்கன்ஸைச் சுற்றிவந்து தொட்டும் தொடாமலும் விட்ட முடிச்சு அவளுடைய கேள்வியில் இருப்பதாக நான் நினைக்கிறேன். மூலக்கதையிலும் ஸ்குரூஜ் எப்போது முழுமையாக மாறுகிறான்? இளமைக்கால நினைவுகள் அவனை அழவைக்கின்றன. கிறட்சிற் வீட்டின் எளிய விருந்து அவனை நெகிழ்விக்கின்றது. ஆனால், கவனிப்பாரற்ற கல்லறையொன்றில் தன் பெயரைத் தானே வாசித்த பின்னர்தான் அவன் முழந்தாளிட்டுக் கதறுகிறான். அச்சமே அங்கும் கடைசி ஆயுதம். டிக்கன்ஸ் அதன்மேல் போர்த்திய கண்ணீரையும் பனியையும் நத்தார்க் கீதத்தையும் கேலிப்படம் உருவி எறிந்துவிட்டது. மிஞ்சியது போர்வைக்குள் ஒரு முயல்.

இதில் நமக்குப் புதுமை ஏதுமில்லை. திருக்குறளில் பொருட்பாலின் கடைசி வரிசைகளில் 'கயமை' என்றோர் அதிகாரம் இருக்கிறது. சான்றோரிடம் குறையைச் சொன்னால் போதும், கீழோரோ கரும்பைப் போல ஆலையிலிட்டு நெரித்தாலன்றிச் சாறு தரமாட்டார்கள் என்ற கருத்தை வள்ளுவர் அங்கே ஒளிவுமறைவின்றி வைத்திருக்கிறார். தாடையை உடைக்கும் முட்டிக்கு மட்டுமே ஈரக்கையை உதறுவோரைப் பற்றியும் அதே அதிகாரம் பேசுகிறது. அறநூல் என்று நாம் பூசித்து மூலையில் வைத்துவிட்ட நூலின் குரல் இது! ஆனால் நம் சிறுகதைகளையும் திரைப்படங்களையும் எடுத்துப் பாருங்கள். பண்ணையார் கடைசிக் கட்டத்தில் கண்கலங்குவார், ஏழையின் மகளை மருமகளாக ஏற்பார், சுபம் போடுவார்கள். வள்ளுவரை விட்டுவிட்டு டிக்கன்ஸின் கண்ணீரை மட்டும் நாம் கடன் வாங்கிக்கொண்டோம்.

மனமாற்றத்தில் நம்பிக்கை கொண்ட நண்பர்கள் பூமிதான இயக்கத்தைச் சுட்டிக்காட்டுவதுண்டு. 1951 ஏப்ரலில் தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே கேட்டார், நிலக்கிழார் ஒருவர் நூறு ஏக்கரைத் தந்தார். உண்மைதான். ஆனால் அந்த நல்கொண்டா மாவட்டம் 1946 முதல் விவசாயிகளின் ஆயுதப் போராட்டம் நடந்த மண் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். கேட்டவர் முனிவர், அவருக்குப் பின்னால் நின்ற நிழல் யாருடையது?

டிக்கன்ஸுக்கு நியாயம் செய்ய வேண்டும். பன்னிரண்டு வயதில், தந்தை கடன்காரர் சிறையில் இருக்க, சப்பாத்து மை செய்யும் ஆலையில் உழைத்தவர் அவர். 1843இல் வெளிவந்த குழந்தைத் தொழிலாளர் பற்றிய விசாரணை அறிக்கையைப் படித்துக் கொதித்தார். ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதவே முதலில் எண்ணினார்; அக்டோபரில் மான்செஸ்டர் சென்று பேசித் திரும்பியபின் அது கதையாயிற்று. அதே காலத்தில் அதே மான்செஸ்டரில் ஓர் ஆலை முதலாளியின் மகனான எங்கெல்ஸ் தொழிலாளர் குடியிருப்புகளைத் தெருத்தெருவாகப் பார்த்து வந்தார். 1845இல் அவர் நூல் வெளிவந்தது. ஒரே நகரம், ஒரே அவலம். ஒருவர் முதலாளியின் நெஞ்சைத் தட்டினார், மற்றவர் ஆலையின் கணக்கைப் புரட்டினார்.

கணக்கு என்றவுடன் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருந்திய ஸ்குரூஜ் தெருவில் தருமம் சேர்ப்பவரைக் கண்டு, காதோடு காதாக ஒரு பெருந்தொகையைச் சொல்கிறான். அதில் பழைய நிலுவைகளும் அடக்கம் என்கிறான். நிலுவை! அருமையான சொல். ஆனால் வாரம் பதினைந்து ஷில்லிங்குக்கு ஆண்டுக்கணக்கில் குளிரில் எழுதிக் கைவிறைத்த கிறட்சிற்றுக்குக் கிடைப்பது வான்கோழியும் சம்பள உயர்வும். அவனுக்கு நிலுவை இல்லை. தருமத்துக்குப் பாக்கி வைத்ததாக உணர்ந்தவன் உழைப்புக்குப் பாக்கி வைத்ததாக உணரவேயில்லை. டிக்கன்ஸின் மனிதாபிமானத்தின் எல்லைக்கல் அந்த இடத்தில் நடப்பட்டிருக்கிறது.

நாங்கள் காட்டிய பெரிய படம் 1983இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'மிக்கியின் கிறிஸ்மஸ் கரோல்'. வண்ணம், இசை, அசைவு எல்லாவற்றிலும் உயர்ந்தது. ஒஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது. கருத்தில் முயல் படத்துக்குக் கீழேதான் அதை வைப்பேன். இதில் ஸ்குரூஜாக வருவது ஸ்குரூஜ் மக்டக் என்னும் கோடீசுவர வாத்து. டிக்கன்ஸின் கருமியின் பெயரையே சூட்டி 1947இல் கார்ல் பார்க்ஸ் படைத்த அந்தப் பாத்திரம், பணக்குவியலில் நீந்தி விளையாடுவதால் உலகக் குழந்தைகளின் அன்புக்குரியதாயிற்று. டிஸ்னியின் வாத்துக்கள் மூன்றாம் உலகக் குழந்தைகளுக்கு எதைக் கற்பிக்கின்றன என்று டோர்ப்மன், மற்றலார் இருவரும் 1971இல் சிலியில் ஒரு நூல் எழுதினார்கள். 1973இன் இராணுவச் சதிக்குப் பின் அந்நூல் தீயிலிடப்பட்டது. வாத்தைக் குறைசொன்னால் அவ்வளவு கோபம்!

மூலக்கதையில் தருமம் கேட்டு வந்தவர்களிடம் ஸ்குரூஜ், சிறைகள் இல்லையா, ஏழை விடுதிகள் இல்லையா, சாகிறவர்கள் செத்தால் மிகையான மக்கள்தொகை குறையுமே என்கிறான். 1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டமும் மால்தஸின் தத்துவமும் அப்படியே அவன் வாயில் வருகின்றன. ஒரு வர்க்கத்தின் சித்தாந்தத்தைக் கூண்டிலேற்றிய இடம் அது. டிஸ்னி படத்தில் வாத்து சொல்வது வேறு: ஏழைகளுக்குப் பணம் கொடுத்தால் அவர்கள் ஏழைகளாக இருக்கமாட்டார்கள், அப்போது தருமம் சேர்க்கும் உங்களுக்கு வேலை போய்விடுமே என்கிறது. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. குற்றவாளிக் கூண்டில் நின்ற தத்துவம் ஒரு பகிடியாகி வெளியே நடந்து போய்விட்டது.

ஆயினும் அந்தப் பகிடி எம் பிள்ளைகளுக்கு எட்டியதற்குக் காரணமிருக்கிறது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் வாரிசுகள் இவர்கள். புத்தளத்து முகாம்களில் இவர்களுடைய பெற்றோர் வளர்ந்தார்கள். 2009க்குப் பின்னரே ஊர் திரும்பினார்கள். வீட்டுச் சுவரில் உதவியவர் பெயர் பொறித்த பலகையையும், பொதி கொடுக்கும்போது எடுக்கும் புகைப்படத்தையும் இவர்கள் நன்கறிவார்கள். தமக்கு உரியது எது, கொடையாக வந்தது எது என்று பிரித்துப் பார்க்க இவர்களுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

முயல் படத்தையும் முழுதாக ஏற்பதற்கில்லை. கிழவனை அசைத்தது அச்சம் என்று சொன்ன மட்டில் அது நேர்மையானது. ஆனால் அந்த அச்சத்தைக் கையாளுவது யார்? வெளியேயிருந்து வந்த ஒரு கெட்டிக்கார முயல். குமாஸ்தாப் பன்றி தன் வழக்கைத் தானே எடுக்கவில்லை, இன்னொரு குமாஸ்தாவைத் தேடிப் போகவுமில்லை; வந்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறது. போர்வை வழுக்கி முயற்காது வெளியே தெரிந்தால் மறுநாட் காலை நிலக்கரிக்கு என்ன ஆகும்?

போர்வைகளும் எப்போதும் ஏழையின் பக்கம் நிற்பதில்லை. இதற்கு நாங்கள் வெகுதூரம் போகவேண்டாம். கொண்டச்சிக் குடா ஒரு காலத்தில் உலகப் புகழ்பெற்ற முத்துச் சலாபத்தின் இடம். சலாபத்தை மேற்பார்வை செய்யத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் அரிப்பில் கட்டுவித்த மாளிகை இன்று கடலரித்த செங்கற் குவியலாக நிற்கிறது. சுறாவுக்கு அஞ்சிச் சுழியோடிகள் இறங்க மறுப்பார்கள் என்பதால், சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதுபவர்களுக்குக் குடியேற்ற அரசே ஊதியம் கொடுத்தது. மந்திரத்தில் வெள்ளைக்கார அதிகாரிக்கு நம்பிக்கையில்லை. ஆனால் தோணி நேரத்துக்குப் புறப்பட வேண்டும்! 1905ஆம் ஆண்டின் பெருஞ் சலாபத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போயிற்று. மறு ஆண்டே முத்துப்பார்கள் இலண்டன் கம்பனியொன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன.

கீட்ஸ் 1820இல் வெளியிட்ட 'இசபெல்லா' என்ற காவியத்தில், இரண்டு பணக்காரச் சகோதரர்களின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று சொல்லுமிடத்தில், மூச்சடக்கிச் சுறாவின் முன் இறங்கும் இலங்கைச் சுழியோடி வருகிறான். மார்க்ஸ் முதலாளிகள்மீது சுமத்திய குற்றச்சாட்டு முழுவதும் அந்தப் பகுதியில் இருப்பதாகப் பேர்னாட் ஷா எழுதினார். ஸ்குரூஜின் இலண்டனுக்கு எங்கள் கடல் இவ்வளவு பக்கம். இருந்தும் 'கரோல்' கதையின் ஆவிகள் கிழவனைக் கடலோடிகளிடமும் வெளிச்சவீட்டிலும் கொண்டுபோய்க் காட்டுகின்றனவே தவிர, செல்வம் பிறக்கும் இடத்துக்கு ஒருபோதும் கூட்டிச் செல்வதில்லை.

இரண்டு படங்களிலும் இல்லாத ஒரு காட்சி மூலத்தில் உண்டு. நிகழ்கால நத்தாரின் ஆவி தன் அங்கியை விலக்குகிறது. காலடியில் எலும்புந் தோலுமாக இரண்டு குழந்தைகள். பையனின் பெயர் அறியாமை, பெண்ணின் பெயர் இல்லாமை. இருவரிலும் பையனுக்கே அதிகம் அஞ்சவேண்டும் என்கிறது ஆவி. நூல் முழுவதிலும் டிக்கன்ஸ் பகிடியை விட்டு நேராகப் பேசும் இடம் இது. எங்கள் பாடசாலை நூலகத்திலுள்ள சுருக்கப் பதிப்பிலும் அந்தக் குழந்தைகளைக் காணவில்லை. கதையின் ஓட்டத்துக்குத் தேவையில்லை என்று யாரோ வெட்டிவிட்டார்கள்.

அந்தப் பக்கங்களை நானே தமிழாக்கி எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த தவணையின் முதல் வாரத்தில் வாசிக்க வேண்டும், கேள்வி கேட்ட மாணவியையே வாசிக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். கார்ட்டூன் காட்டிய அன்று பின்வரிசையில் இரண்டு வாங்குகள் வெறுமையாக இருந்தன. அவற்றில் இருந்த பையன்கள் தவணை முடியுமுன்பே மீன்வாடிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள்.