தவப்பூனை காட்டும் கூர்மை

புது லென்ஸைச் சோதிக்க, மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையைவிட நல்ல இடம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இல்லை என்பேன். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் உளி கருங்கல்லில் விட்ட நுணுக்கமும், கிழக்கு நோக்கிய முகத்தில் விழும் காலை வெயிலும் எந்தக் குறையையும் ஒளிய விடாது. பாறை சமதளம் இல்லையே, ஓரம் மங்கினால் லென்ஸின் தப்பா, கல்லின் மேடுபள்ளமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் ஒரே படத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, 1/1000 நொடி வேகத்தில், பாறையில் கைதூக்கித் தவம் நிற்கும் பூனைச் சிற்பத்தை நடுவிலும் நான்கு மூலைகளிலும் மாறி மாறி வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஃபோகஸ் செய்து எடுக்க வேண்டும். நான்கு மூலையும் ஒன்றுபோல மங்கினால் அது அந்த லென்ஸ் வடிவமைப்பின் இயல்பு. ஒரு மூலையில் மட்டும் பூனையின் காலடி எலிகள் கரைந்தால், உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். நண்பகலில் கடற்கரைக் கோயிலைத் தொலைவிலிருந்து எடுத்துவிட்டு லென்ஸைப் பழிப்பது மட்டும் அநியாயம். அங்கே நெளிவது மணல்மேல் சூடேறிய காற்று.