நட்சத்திரம் எதுக்குக் குடுக்கறோம்?

சிறப்புக் கல்வி வகுப்புகளில் நல்ல நடத்தைக்கு டோக்கன் கொடுத்து, சேர்ந்ததும் பரிசாக மாற்றித் தருவது பழைய வழக்கம். இதை எதிர்ப்பவர்கள் உடனே 1973 ஸ்டான்ஃபோர்டு ஆய்வை எடுத்துப் போடுவார்கள். படம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று நர்சரிப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள் லெப்பர் குழுவினர். பிற்பாடு அந்தப் பிள்ளைகளுக்கு வரையும் ஆர்வம் குறைந்துபோச்சு. சரிதான். ஆனா அவங்க தேர்ந்தெடுத்ததே ஏற்கெனவே ஆசையா வரைகிற பிள்ளைகளை. பல் தேய்க்கவே மறுக்கிற குழந்தைக்கு இது எப்படிப் பொருந்தும்? இல்லாத ஆர்வம் எங்கிருந்து குறையும்?

எனக்கு உறுத்துவது வேற இடம். 1967-ல் ஓ'லியரி, பெக்கர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் அடிக்கடி காட்டப்படுவது. நடத்தைச் சிக்கல் உள்ளவர்களுக்கான தனி வகுப்பு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் 17 பேர். ஒவ்வொருத்தருக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். அதை மிட்டாய், காமிக்ஸ், காற்றாடி என்று மாற்றிக்கொள்ளலாம். தவறான நடத்தை சராசரியாக 76 சதவீதத்திலிருந்து 10-க்கு இறங்கியது.

இந்த எண்ணோடு நிறுத்திக்காம, 'தவறான நடத்தை'ன்னு எதையெல்லாம் எண்ணினாங்கன்னு பாருங்க. தள்ளுவது, பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது. கூடவே சூயிங் கம் மெல்வது, பேசுவது, கை தூக்காமல் பதில் சொல்வது. பதில் தெரிஞ்ச சந்தோஷத்தில் கத்தினவனும் பக்கத்துப் பையனைத் தள்ளினவனும் ஒரே கணக்கில்! (எங்க துறையில் மூடின பக் எண்ணிக்கைக்கு போனஸ் அறிவிச்சா என்ன ஆகும்னு தெரிஞ்சவங்களுக்கு இது புதுசில்லை.) 1972-ல் வினெட்டும் விங்க்ளரும் இதைத்தான் கேட்டார்கள்: வகுப்பறை ஆய்வுகள் பரிசு கொடுத்து வளர்ப்பது பெரும்பாலும் அசையாமல், பேசாமல், அடங்கி உட்காருவதைத்தானே?

ஓ'லியரி குழுவே 1969-ல் ஒரு சாதாரண இரண்டாம் வகுப்பில் இதைத் திரும்பச் செய்து பார்த்தது. டோக்கன் மதியத்துக்கு மேல் மட்டும். ஏழு பேரில் பலருக்குப் பலன் இருந்தது. காலையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. முதல்ல படிச்சப்போ முறையில் ஓட்டைன்னு நினைச்சேன். இப்போ, பரிசு வாங்கின அந்த அமைதியால் பிள்ளைக்கே காலையில் ஒரு உபயோகமும் இல்லையோன்னு தோணுது.

டோக்கனைத் தூக்கிப் போடச் சொல்லலை. "கஷ்டமா இருக்கு, கொஞ்ச நேரம் வெளியே போகட்டுமா?" என்று வாயாலோ பட அட்டையாலோ ஒரு பிள்ளை கேட்டால், அதுக்கு ஒரு நட்சத்திரம் குடுங்க. உடம்பை ஆட்டி ஆட்டித் தன்னைச் சமாதானப்படுத்திக்கிற பிள்ளை ஆட்டத்தை நிறுத்தினதுக்குக் குடுக்காதீங்க.