இரட்சணிய யாத்திரிகமும் தேவ பிரசன்னமும்

கரையிருப்பில் 1827-இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் 1678-ஆம் ஆண்டு நூலைத் தழுவி 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தைக் காப்பிய நயத்திற்காகவே புகழ்வது நம் வழக்கம். அதன் தேவ பிரசன்னக் கோட்பாட்டையும் ஆராய்தல் நம் கடன். யாத்திரிகன் வீட்டாரைப் பிரிந்து ஏகுகிறான். பிரசன்னத்தின் நிறைவோ வழியின் முடிவிலுள்ள நகரத்தில். வைணவக் குடும்பத்தினின்று 1858-இல் திருமுழுக்குப் பெற்ற கவிஞருக்கு இது ஏட்டுக் கற்பனையன்று.

ஆயினும் பவுல் (1 கொரி. 3:16) ஆலயமென்பது தனியாளையன்று, சபையையே, மூலத்தில் முன்னிலைப் பன்மை. தமிழ் ‘நீங்கள்’ மரியாதை ஒருமையாகவும் நிற்பதால், வள்ளியூர்ப் பக்கத்துப் பிரசங்கங்களில் (நம்முடையவை உட்பட) அது ஒருவருடைய உள்ளமாகச் சுருங்கிவிடுகிறது. பிளவுண்ட சபைக்கே அது எழுதப்பட்டது. வழக்காடும் நம் சபைகளோ அதைத் தனித்தனியே வாசித்துத் தப்பிக்கொள்கின்றன. பனியனே 1684-இல் இரண்டாம் பாகத்தில் மனைவி மக்களைக் கூட்டமாக நடத்திச் செல்கிறார். காப்பியத்தைப் போதிக்கும் நாம் அப்பாகத்தை ஏனோ தொடுவதேயில்லை.