சி++ நிரலை நிஜமாகவே இம்போர்ட் செய்கிறோமா?

போன மாதம் பூதலூர் போயிருந்தபோது, +2 படிக்கும் அண்ணன் மகள் பைத்தான் பாடத்தைக் காட்டிக் கேட்டாள்: "சித்தப்பா, +1-ல சி++ல எழுதின கிளாஸை இங்க இம்போர்ட் பண்ணி, அதோட ஃபங்ஷனைக் கூப்பிடலாமா?" பாடத்தின் தலைப்பைப் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

2019-20-ல் வந்த தமிழ்நாடு +2 கணினி அறிவியல் பாடநூலில், சி++ நிரல்களை பைத்தானில் இம்போர்ட் செய்வதற்கென்றே தனிப் பாடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் நிரல் என்ன செய்கிறது? கட்டளை வரியில் கோப்பின் பெயரை வாங்கி, ஜி++ கம்பைலரிடம் கொடுத்து, கிடைத்த எக்ஸ்இ கோப்பை ஓட விடுகிறது. அவ்வளவுதான். அங்கே இம்போர்ட் ஆனவை சிஸ், ஓஎஸ், கெட்ஆப்ட் என்ற பைத்தான் மாட்யூல்கள். சி++ கிளாஸ் வாசல்படியைக்கூடத் தாண்டவில்லை.

டேட்டைம் மாட்யூலிலிருந்து டேட் கிளாஸை இம்போர்ட் செய்து பாருங்கள். டேட் என்ற பெயர் நம் நிரலுக்குள் வந்துவிடும். புள்ளி வைத்து டுடே என்று கூப்பிடலாம்; வரும் தேதியில் இயர், மன்த் எடுத்துக் கணக்குப் போடலாம். உறுப்புகள் கிளாஸோடு சேர்ந்துதான் வரும். டேட்டிலிருந்து டுடேயை மட்டும் தனியாக இம்போர்ட் செய்யப் போனால் பைத்தான் பிழை காட்டும். (ஜாவாவில் ஸ்டாட்டிக் உறுப்புகளுக்கு மட்டும் அந்தச் சலுகை உண்டு, 2004-ல் வந்த ஜாவா 5 முதல்.)

பாடநூல் வழியில் பைத்தானுக்குத் திரும்பி வருவது ஒரே ஒரு எண்: நிரல் ஒழுங்காக முடிந்ததா, இல்லையா. விடை திரையில் தெரியும், பைத்தான் மாறிக்குள் வராது. அறுவடை மிஷின்காரருக்கு போன் போட்டால் "அறுத்தாச்சுங்க" என்கிறார். நெல் நம்ம களத்துக்கு வரலை.

இன்னொரு நிரலை ஓட வைப்பது உபயோகமான வித்தைதான், நானே ஆபீஸில் அடிக்கடி செய்வேன். ஆனால் அதற்குப் பெயர் இம்போர்ட் இல்லை. இரு மொழிகளை இணைக்கும் கருவிகளாக சிடைப்ஸ், ஸ்விக் ஆகியவற்றைச் சொல்லும் பாடம், அதே வரிசையில் மின்ஜிடபிள்யூவையும் வைக்கிறது. அது விண்டோஸுக்கான கம்பைலர் தொகுப்பு!

சிடைப்ஸ் கிளாஸை நேராகப் புரிந்துகொள்ளாது. அதனால் கிளாஸை உள்ளே வைத்து, வெளியே எக்ஸ்டர்ன் சி ஃபங்ஷன் ஒன்றை எழுதி, பைத்தானிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். கூட்டுத்தொகை மாறிக்குள் வந்து உட்கார்ந்ததும் அவள் முகம் மலர்ந்தது. உடனே அடுத்த கேள்வி: "பரீட்சையில எதை எழுதறது சித்தப்பா?"

"புத்தகத்துல உள்ளதையே எழுதும்மா" என்றேன்.