யுங்கின் உளவியலும் அஹமர்த்த விசாரமும்

மேலைநாட்டு உளவியலாருள் சமயத்தை நோய் என்று ஒதுக்காமல் மதித்துப் பேசியவர் கார்ல் குஸ்தாவ் யுங் என்பது பரவலான எண்ணம். அது பெரும்பாலும் சரியே. ஆயின் அதனையே பற்றுக்கோடாகக் கொண்டு, அவர் கூறும் ‘ஈகோ’ நம் அஹங்காரமே, ‘ஸெல்ஃப்’ உபநிஷத்துக்கள் ஓதும் ஆத்மாவே, அர்ச்சாவதாரத் திருமேனி ஆழ்மனத்தில் உறையும் ஒரு படிமமே என்று சொல்வாரும் உளர். இச்சமன்பாடுகள் ஸம்ப்ரதாயத்துக்குப் பெருமை சேர்ப்பன போலத் தோன்றினும் அதன் அடித்தளத்தையே அசைக்க வல்லவை. ஆகவே யுங்கின் கொள்கை யாது, அது எவ்வேர்களினின்று கிளைத்தது, எவ்வளவு கொள்ளத்தக்கது என்று முறையே ஆராய்வோம். பூர்வபக்ஷத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுப்பது பாஷ்யகாரர் காட்டிய நெறியன்றோ.

யுங் 1875இல் ஸ்விட்ஸர்லாந்தில் ஒரு கிறிஸ்தவப் போதகரின் மகனாகப் பிறந்தார். பாஸல் நகரில் மருத்துவம் பயின்று, 1900இல் ஜூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநோய் மருத்துவமனையில் பணியேற்றார். ஒரு சொல்லைக் கூறி, கேட்பவர் உடனே மறுமொழியாகக் கூறும் சொல்லையும், அதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் குறித்து ஆராய்ந்தார். சில சொற்களுக்கு விடை தடைப்பட்டது. அத்தடையின் பின்னே, அவரவர் அறியாமலே உணர்ச்சி செறிந்து திரண்ட எண்ணத்தொகுதிகள் உள்ளன என்று கண்டார். இவ்வாய்வே 1907இல் அவரை ஃப்ராய்டிடம் கொண்டு சேர்த்தது. 1913இல் இருவரும் பிரிந்தனர்.

பிரிவுக்குக் கொள்கை வேறுபாடும் ஒரு காரணம். நனவிலி மனம் பெரும்பாலும் அடக்கப்பட்ட விருப்பங்களின் கிடங்கு என்றும், உளவாற்றலின் மூலம் பாலுணர்வு என்றும் ஃப்ராய்ட் கொண்டார். யுங்கோ உளவாற்றலைப் பொதுவான ஒன்றாகக் கொண்டார். தனிமனிதனின் நனவிலிக்கும் அடியில் மானிடர் அனைவர்க்கும் பொதுவான கூட்டு நனவிலி ஒன்று உண்டு என்றார். அதன் உறுப்புகளைத் தொல்படிமங்கள் என 1919 முதல் வழங்கினார். ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. ஆயத்தமான உருவங்களை நாம் மரபுரிமையாகப் பெறுகிறோம் என்று அவர் கூறவில்லை. உருவங்களைத் தோற்றுவிக்கும் இயல்பே மரபாக வருவது. உருவமோ காலத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ப அமைவது. நனவின் மையமாகிய ‘நான்’ உளத்தின் ஒரு பகுதியே. நனவும் நனவிலியும் சேர்ந்த முழுமையும் அம்முழுமையின் மையமுமே ‘தான்’. நான் தானுக்கு அடங்கி, மறுத்துவைத்த தன் நிழலையும் ஏற்று முழுமையுறுவதே வாழ்வின் பிற்பாதிக்குரிய பணி. இதுவே அவர் கொள்கையின் சுருக்கம்.

இனி வேர்களைக் காண்போம். இம்மானுவேல் காண்ட் 1781இல் வெளியிட்ட தூய அறிவின் விமர்சனத்தில், பொருள்கள் நமக்குத் தோன்றும் வகையையே நாம் அறிகிறோம், அவை தம்மளவில் எத்தகையன என்பதை அறியோம் என்று வரம்பிட்டார். ஷோபன்ஹவர் அத்தோற்றத்தின் பின்னே குருட்டு இச்சை ஒன்று இயங்குவதாகக் கூறினார். காருஸ் 1846இல், நனவு வாழ்வை அறியும் திறவுகோல் நனவிலியில் உள்ளது என்றார். எடுவர்ட் ஃபோன் ஹார்ட்மன் 1869இல் நனவிலியின் தத்துவம் என்றே ஒரு பெருநூல் இயற்றினார். யுங் இவர்களைத் தம் முன்னோராகக் குறிப்பிட்டுள்ளார். ஆகவே நனவிலி என்பது மருத்துவச் சோதனையில் மட்டும் பிறந்த கருத்தன்று. ஜெர்மானியத் தத்துவத்தில் முன்னரே முளைத்த ஒன்றுக்கு மருத்துவமனை சான்றளித்தது எனலாம்.

இங்கே முதல் தடை எழுகிறது. தொல்படிமங்களைக் காண்ட் கூறிய அறிவின் முன்வடிவங்களோடு யுங் ஒப்பிட்டார். காண்டின் முன்வடிவங்களோ அனுபவம் என்ற ஒன்று நிகழ்வதற்கே இன்றியமையாதவை. அனுபவத்தால் நிறுவப்படுபவை அல்ல. யுங்கின் தொல்படிமங்கள் கனவுகளையும் புராணங்களையும் ஒப்புநோக்கி அனுமானிக்கப்படுபவை; மானிட இனத்தின் இயற்கையாகச் சொல்லப்படுபவை. முன்னவை அறிவின் நிபந்தனை. பின்னவை அறியப்படும் பொருள்களுள் ஒரு வகை. இரண்டையும் ஒன்றாக்கியதால், ‘நான் உளத்தில் தோன்றுவதையே பேசுகிறேன்’ என்ற அடக்கமும், ‘உளத்தில் தோன்றுவதே அறியத்தக்கது’ என்ற துணிபும் அவர் எழுத்தில் மாறிமாறி வருகின்றன. 1952இல் மார்ட்டின் பூபர் இக்குற்றத்தையே சாட்டினார். தாம் இறைவனின் படிமத்தையே பேசுவதாகவும், இறைவனைப் பற்றி ஏதும் தீர்மானிக்கவில்லை என்றும் யுங் விடையிறுத்தார். அவ்விடையை அப்படியே ஏற்போமாயின், தத்துவ நிர்ணயத்தில் யுங்கை ப்ரமாணமாகக் காட்ட எவர்க்கும் இடமில்லை என்பதையும் உடன் ஏற்க வேண்டும்.

இனி வேதாந்தம் அவரை அடைந்த வழி. தாரா ஷுகோ 1657இல் பாரசீகத்தில் பெயர்ப்பித்த உபநிஷத்துக்களை ஆங்க்கெதில் துபெரோன் 1801, 1802ஆம் ஆண்டுகளில் லத்தீனில் வெளியிட்டார். அந்நூல் ஷோபன்ஹவருக்குப் பெரும் துணையாயிற்று. ஷோபன்ஹவரின் வழிநின்ற பவுல் டாய்ஸன் சங்கர பாஷ்யத்தை ஜெர்மானிய மொழியில் தந்தார். 1921இல் வெளிவந்த உளவியல் வகைகள் என்னும் நூலில் இந்தியச் சிந்தனையை விளக்க யுங் டாய்ஸனைப் பயன்கொண்டார். மற்றொரு வழியும் இருந்தது. உள்ளத்தை நடுங்கவும் ஈர்க்கவும் செய்யும் தெய்விக அனுபவத்துக்கு ‘நூமினஸ்’ என்று பெயரிட்ட ருடால்ஃப் ஓட்டோ, 1917இல் ராமாநுஜ ஸித்தாந்தத்தை ஜெர்மானிய மொழியில் வெளியிட்டவர். யுங் 1937இல் யேல் பல்கலைக்கழகத்தில் சமயத்தைப் பற்றி ஆற்றிய உரைகளில் ஓட்டோவின் அச்சொல்லையே அடிப்படையாகக் கொண்டார். ஆயினும் அவருடைய ‘தான்’ அமைந்த முறையில் ராமாநுஜ ஸித்தாந்தத்தின் சாயல் இல்லை.

இதனால் நேர்ந்தது யாது? ‘நான்’ அற்ற நிலையில் அறிவு இருக்க முடியாது, ஆகவே நான் கரைந்த ஸமாதி நனவிலியின் நிலையே என்று யுங் வாதிட்டார். இதன் முற்பகுதி நமக்குப் பழகிய குரல். ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் பாஷ்யகாரர், மோக்ஷத்தில் ‘நான்’ அழியுமாயின் அதனை விரும்புவார் யாருமிலர், அப்பேச்சைக் கேட்டவன் விலகியே போவான் என்று வாதிட்டார். ஆயின் முடிவுகள் நேர் எதிரானவை. யுங்குக்கு ‘நான்’ என்பது நனவோடு தோன்றி, ஆழ்ந்த உறக்கத்தில் மறைவது. பாஷ்யகாரருக்கோ ‘நான்’ என்னும் சொல்லின் பொருளே ஆத்மா. இன்பமாக உறங்கினேன் என்று எழுந்தவன் உணர்வதால் அது உறக்கத்திலும் தனக்குத்தானே தோன்றியிருந்தது. அக்காலத்தில் சுருங்கியது தர்மபூதஜ்ஞானமே. மோக்ஷத்தில் அது முழுமையாக மலரும். உடலை ஆத்மாவாக எண்ணச் செய்யும் அஹங்காரமோ ப்ரக்ருதியின் பரிணாமம். எனவே யுங்கின் ‘ஈகோ’ அஹமர்த்தமும் அன்று. அஹங்காரம் என்று சொன்னாலும் முழுதும் பொருந்தாது. தமிழில் ‘நனவின் மையம்’ என்று வழங்குவதே பிழையற்றது. ‘ஸெல்ஃப்’ என்பதையும் ஆத்மா என்னாது ‘உளமுழுமை’ எனல் நன்று.

அவ்வுளமுழுமையைப் பரமாத்மாவாகக் கொள்ளலாமோ எனின், அதுவும் ஒவ்வாது. நனவின் மையம் அதற்கு அடங்கியது என்று யுங் கூறுவதைக் கண்டு சேஷ-சேஷி பாவத்தை நினைப்பது இயல்பே. ஆனால் அம்முழுமையில் நன்மையும் தீமையும் ஒருங்கே அடங்கும். தீமை என்பது நன்மையின் குறைவு மட்டுமே என்ற கிறிஸ்தவக் கொள்கையை அவர் விடாது எதிர்த்ததும் இதனாலேயே. எம்பெருமானோ ஹேயங்கள் அனைத்துக்கும் எதிர்த்தட்டானவன், கல்யாணகுணங்களுக்கே இருப்பிடம். மேலும் உளமுழுமைக்கு க்ருபை இல்லை. அது இரங்காது, எதிர்வந்து கைக்கொள்ளாது.

இவ்வேறுபாடு பராங்குச நாயகி விஷயத்தில் நன்கு விளங்கும். ஆணின் நனவிலியில் ‘அனிமா’ என்னும் பெண்ணுரு உண்டு என்ற யுங்கின் கருத்தைக் கொண்டு ஆழ்வாரின் பெண்பாவனையை விளக்க முற்படுவது எளிது. அவ்விளக்கத்தின்படி அப்பெண் ஆழ்வாரின் உளத்தில் விடுபட்ட பாதி; அவளைச் சேர்ந்து அவர் முழுமையுறுகிறார். ஆசார்ய ஹ்ருதயம் காட்டும் வழி வேறு. ஞானநிலையில் தாமான தன்மையும், ப்ரேமநிலையில் பெண் தன்மையும் ஆழ்வாருக்கு உண்டாகின்றன. அந்த ப்ரேமத்தின் இலக்கோ அவரின் வேறான புருஷோத்தமன். அங்கே குறைவது தம்முள் ஒரு பகுதியன்று, அவன். தம்மில் ஒரு பகுதியைக் காணாதவனின் ஏக்கமும், தம்மை உடையவனைப் பிரிந்தவரின் ஆற்றாமையும் ஒன்றல்ல. அர்ச்சாவதாரத்திலும் இதுவே நியாயம். திருமேனி உளப்படிமம் எனின், ஸேவிப்பவன் தன்னையே ஸேவித்தவன் ஆவான்.

இவ்வளவால் யுங் முற்றும் தள்ளத்தக்கவர் என்பதில்லை. மனம் தன் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றிக் காணும் வகையையும், கனவின் நுட்பங்களையும், வயது முதிர்ந்தவரின் வெறுமையையும் அவர் ஆராய்ந்தது மனநோயாளர்க்கு உதவுவார் அனைவர்க்கும் பயன்படும். மனம் ப்ரக்ருதியின் பரிணாமமே ஆதலின், அதன் இயல்பை ப்ரத்யக்ஷத்தாலும் அனுமானத்தாலும் ஆராய்வதில் நமக்குத் தடை இல்லை. ஜீவ-பரமாத்ம ஸ்வரூபமோ சாஸ்த்ரம் ஒன்றாலேயே அறியப்படுவது. முன்னதற்கு யுங்கைக் கற்போம். பின்னதற்கு அவரைச் சான்று கூற அழையோம். தம் ஆய்வு உளத்தளவே என்று அவர் தாமே இட்ட வரம்பை மதிப்பதும் அதுவேயாம்.