உலகம் அழியும்போது கணக்குப் போடுவது எப்படி?

'அர்மகெடான்' (1998) படப்பிடிப்பில் நடிகர் பென் அஃப்லெக்குக்கு ஒரு சந்தேகம் வந்தது. எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களை விண்வெளி வீரர்களாக்குவது சுலபமா, விண்வெளி வீரர்களுக்குத் துளை போடக் கற்றுக்கொடுப்பது சுலபமா? இயக்குநர் மைக்கேல் பேயிடம் போய்க் கேட்டார். வாயை மூடு என்று பதில் வந்தது. பிறகு டிவிடிக்குப் பேசிய உரையில் அஃப்லெக்கே சிரித்துக்கொண்டே சொன்ன கதை இது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த மாதிரிக் கேள்விகளோடு பேரழிவுப் படத்துக்கு உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் படம் செத்துவிடும். பக்கத்து இருக்கைக்காரரின் பொறுமையும் கூடவே போய்விடும். முப்பது அடியாட்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்து அடி வாங்கிப் போவதை விசிலடித்துப் பார்த்து வளர்ந்த நமக்கு, சினிமாவில் லாஜிக் எவ்வளவு வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நான் ஒரு சின்ன ஒப்பந்தத்தோடு பார்க்கிறேன். படத்துக்கு ஒரே ஒரு பொய்யை இனாமாகக் கொடுத்துவிடுவேன். விண்கல் வருகிறதா, வரட்டும். பூமியின் உட்கரு சுற்றாமல் நின்றுவிட்டதா, நிற்கட்டும். அதற்குப் பிறகு மூன்று விஷயங்களை மட்டும் கவனிப்பேன்: அளவு, நேரம், ஆற்றல். பத்தாம் வகுப்பு இயற்பியலும் கைபேசிக் கால்குலேட்டரும் போதும். கணக்குப் போட்டால் படம் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். பல இடங்களில் நிஜம் திரையில் காட்டியதைவிடத் திகிலாக இருக்கிறது.

'அர்மகெடா'னிலேயே தொடங்கலாம். டெக்சாஸ் மாநிலம் அளவுள்ள கல் வருகிறது, 18 நாள் அவகாசம், 800 அடி துளைத்து உள்ளே அணுகுண்டு வைக்க வேண்டும். முதலில் அளவு. டெக்சாஸ் என்றால் குறுக்கே 1,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்த அளவை எட்டிப்பிடிக்கிற சிறுகோள் சீரஸ் ஒன்றுதான், சுமார் 940 கி.மீ. அதை 1801 ஜனவரி முதல் தேதியே சிசிலியில் பியாட்சி என்ற பாதிரியார் தன் காலத்துத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டார். ஆக, அப்படியொரு கல் 18 நாள் முன்புவரை யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் நாம் இனாமாகக் கொடுக்கும் பொய்.

அடுத்து ஆற்றல். அத்தனை பெரிய பாறையை அதன் சொந்த ஈர்ப்பே இறுக்கிப் பிடித்திருக்கும். துண்டுகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி சிதறடிக்க வேண்டுமானால், 1961இல் சோவியத் யூனியன் வெடித்த 50 மெகா டன் குண்டைப் போல சுமார் நூறு கோடி குண்டுகள் வேண்டும். படத்தில் வெடிப்பது ஒன்றுதான். 800 அடி என்பதும் கால் கிலோமீட்டர்கூட இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் பாறைக்கு அது தோல்கூட உரியாத கீறல். நம்மூர் 'டிக் டிக் டிக்' (2018) படமும் கல்லை உடைக்கிற வழியில்தான் போனது. உடைப்பதில் ஒரு கிளுகிளுப்பு இருக்கிறது. தள்ளிவிடுவதில் அது இல்லை.

தள்ளிவிடுவதைத்தான் நிஜத்தில் செய்து பார்த்தார்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற குட்டிச் சிறுகோள்மீது விநாடிக்கு 6 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வேண்டுமென்றே மோதியது. அதன் கேமரா கடைசிவரை படம் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்தக் காணொளி இணையத்தில் இருக்கிறது. எந்த ஹாலிவுட் படத்துக்கும் முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள். முதலில் ஒரு வெளிச்சப் புள்ளி. புள்ளி முட்டையாகிறது. முட்டையின் மேல் பாறைகள், பாறைகளுக்கிடையே சரளை. கடைசிப் படம் பாதியில் அறுந்து நிற்கிறது, ஏனென்றால் மீதியை அனுப்பக் கலம் இல்லை. பின்னணி இசை கிடையாது.

அந்த மோதலால் டைமார்ஃபஸின் வேகம் மாறியது விநாடிக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைவாக. தன் அண்ணனான பெரிய சிறுகோளைச் சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது, சுமார் 32 நிமிடம் முன்னதாகவே சுற்றி முடிக்கத் தொடங்கியது. இப்போது கால்குலேட்டரை எடுங்கள். பூமியை நோக்கி வரும் ஒரு கல்லுக்கு இதே தள்ளலைக் கொடுத்துவிட்டு 18 நாள் காத்திருந்தால் அது நாலேகால் கிலோமீட்டர் விலகியிருக்கும். பத்து வருடம் முன்னால் கொடுத்திருந்தால் 850 கிலோமீட்டர். சுற்றுப்பாதைக் கணக்கையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு 'அர்மகெடா'னில் வில்லன் யார் என்பதே மாறிவிடுகிறது. கல்லைவிட அந்த 18 நாள்தான் பயங்கரம்.

அதே 1998இல் வந்த 'டீப் இம்பாக்ட்' இந்த வகையில் நேர்மையான படம். வால்மீனின் அகலம் சுமார் 11 கி.மீ. 6.6 கோடி ஆண்டுக்கு முன் மெக்சிகோவின் யுகாட்டான் பகுதியில் விழுந்து டைனோசர்களுக்கு முடிவு கட்டிய கல்லும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆலோசகர்களாக இருந்தவர்களில் ஜீன் ஷூமேக்கர், கேரலின் ஷூமேக்கர் தம்பதியும் உண்டு. 1994 ஜூலையில் வியாழன்மீது துண்டுதுண்டாக விழுந்த வால்மீனைக் கண்டுபிடித்தவர்களில் இருவர் அவர்கள். வசூலில் 'அர்மகெடான்' முந்தியது. எனக்கு 'டீப் இம்பாக்ட்' ஒரு படி மேல்.

விண்கல் காட்சிகளில் காதையும் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். திரையில் வெளிச்சமும் வெடிச்சத்தமும் ஒன்றாக வரும். 2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று சுமார் 30 கி.மீ. உயரத்தில் வெடித்தது. கண்ணைப் பறிக்கும் வெளிச்சம், சத்தமே இல்லை. என்னவென்று பார்க்க ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். அதிர்வலை வந்து சேர ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆனது. அது வந்தபோது கண்ணாடிகளுக்குப் பின்னால் முகங்கள் இருந்தன. காயமடைந்தவர்கள் சுமார் 1,500 பேர், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். ஒரு பள்ளி ஆசிரியை மட்டும் வெளிச்சத்தைப் பார்த்ததும் பிள்ளைகளை மேசைக்கடியில் புகச் சொன்னார். பிள்ளைகள் தப்பினார்கள், அவருக்கு வெட்டுக்காயம். அந்த இரண்டு நிமிட நிசப்தத்தை எந்த இயக்குநரும் இதுவரை முழுதாகப் பயன்படுத்தவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அடுத்த முறை திரையில் மின்னினால் மனசுக்குள் எண்ணத் தொடங்குங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்.

தண்ணீருக்கு வருவோம். இதில் நமக்குத் தனி உரிமை உண்டு; கேட்டு வாங்கிய உரிமையல்ல. சினிமா சுனாமி எப்போதும் செங்குத்துச் சுவர். நுனி சுருண்டு, கட்டடங்களுக்கு மேலே ஒரு கணம் நின்று, பிறகு விழும். '2012' (2009) படத்தில் இமயமலைக்கே வந்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று, சுமத்ரா நிலநடுக்கம் முடிந்து இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் வங்கக் கடலுக்கு மேலே பறந்தபடி அந்த அலையை அளந்தது. நடுக்கடலில் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர். ஆழ்கடலில் நிற்கும் படகுக்கு அது கடந்துபோனதே தெரியாது. நாலு கிலோமீட்டர் ஆழக் கடலில் அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டர். கரையை நெருங்க ஆழம் குறைகிறது, வேகமும் குறைகிறது. முன்னால் போகும் தண்ணீர் தயங்கப் பின்னால் வருவது முட்டிக்கொண்டு ஏறுகிறது.

ஆனாலும் உயரத்தைவிட நீளம்தான் ஆளை விழுங்குவது. கடற்கரை அலை சில விநாடிகளில் திரும்பிவிடும். சுனாமி பல நிமிடங்களுக்கு விடாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் செண்டாய் சமவெளிக்கு மேலே ஹெலிகாப்டரிலிருந்து என்எச்கே தொலைக்காட்சி எடுத்த காட்சியைப் பாருங்கள். சுவர் எதுவும் எழவில்லை. கறுப்பாக, வீடுகளையும் கார்களையும் தூக்கிக்கொண்டு, வயல்மீது நிதானமாக நகர்கிறது. சாலையில் போகும் கார்களுக்கு அது இன்னும் தெரியவில்லை. வரைகலைக் கலைஞர் யாரும் இப்படி ஒரு திகிலைக் காட்டியதில்லை. சுனாமியில் முடியும் 'தசாவதாரம்' (2008), கடல் உப்பு கிருமியைக் கொல்லும் என்று சொன்னபோது நான் என் ஒரு பொய்யை அங்கேயே செலவழித்துவிட்டேன். அதனால் மற்றதைக் கறாராகத்தான் பார்க்க முடிந்தது.

நிலநடுக்கப் படங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 'சான் ஆண்ட்ரியாஸ்' (2015) படத்தில் நிலம் பிளந்து பள்ளத்தாக்காக நிற்கிறது. நிஜ சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் இரு பக்கமும் ஒன்றோடொன்று உரசி நகர்பவை; நடுவே இடைவெளி விழுந்தால் உரசலே இருக்காது, உரசல் இல்லாவிட்டால் நடுக்கமும் கிடையாது. ரிக்டர் எண்ணை யாராவது உச்சரிக்கும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு எண் கூடினால் ஆற்றல் 32 மடங்கு. இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு.

'தி டே ஆஃப்டர் டுமாரோ' (2004) எனக்கு மிகவும் பிடித்த பொய். வானத்தின் உச்சியிலிருந்து உறைகுளிர்க் காற்று நேராகத் தரைக்கு இறங்கி ஹெலிகாப்டரின் எரிபொருளையே உறைய வைக்கிறது. நூலகத்துக்குள் குளிர் ஆளைத் துரத்தி வருகிறது, கதவைச் சாத்தித் தப்பிக்கிறார்கள்! சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்கு இதில் என்ன தப்பு என்று உடனே தெரியும். பம்பின் அடிப்பகுதி சுடும். அழுத்தினால் காற்று சூடாகும். மேலிருந்து இறங்கும் காற்றும் அப்படியே அழுத்தப்படுகிறது, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடேறுகிறது. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 60 டிகிரியில் இருக்கும் காற்று தரைக்கு வரும்போது நம் ஊர்ச் சித்திரை வெயிலாக, 40 டிகிரியில் வந்து நிற்கும். அதற்காக மொத்தப் படத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். அட்லாண்டிக் கடலின் பெரிய நீரோட்டம் பலவீனமாகலாம் என்பது விஞ்ஞானிகளின் நிஜக் கவலை. அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். படத்துக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

'2012'இல் உலகம் அழியக் காரணம் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் 'மாறிப்போய்' பூமியின் உள்ளே சூடேற்றுவது. நியூட்ரினோ ஏறக்குறைய எதோடும் ஒட்டாத துகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தை ஒவ்வொரு விநாடியும் பல ஆயிரம் கோடிக் கணக்கில் துளைத்துப் போகின்றன, இரவில் பூமிக்கு அடியிலிருந்தும். அவற்றால் சூடேறும் என்றால் நாம் எப்போதோ வெந்திருப்போம். ஆனால் படம் இந்தியாவில் ஒரு தாமிரச் சுரங்கத்தின் ஆழத்தில் தொடங்குவதைக் கவனித்தீர்களா? அது வீண் கற்பனையல்ல. வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் பிடித்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல், 1965இல், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய சுரங்கம் அது. தேனி பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகச் சர்ச்சையின்போது இதை நினைவுபடுத்தியவர்கள் குறைவு.

'கிராவிட்டி' (2013) படத்தை நல்ல ஹெட்போனில் பாருங்கள். வெற்றிடத்தில் ஒலி பரவாது. சாண்ட்ரா புல்லக்கின் கை எதையாவது தொடும்போது மட்டும் அதிர்வு உடம்பு வழியாக மந்தமாகக் கேட்கிறது. பின்னால் விண்வெளி நிலையம் சிதறுவது அவருக்குக் கேட்கவே இல்லை. இதைத் துணிந்து செய்த படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவர் அழும் காட்சியில் மட்டும் கண்ணீர்த் துளி மிதந்து நம்மை நோக்கி வரும். நிஜத்தில் அது கண்ணிலேயே பிசுபிசுவென்று உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். அழகான தவறு, இருக்கட்டும். படத்தில் நிலையத்தைச் சிதறடிப்பது விண்வெளிக் குப்பை; மோதிய குப்பை மேலும் மோதிக் குப்பையைப் பெருக்கும் என்பது 1978இலேயே டொனால்ட் கெஸ்லர் எழுதியது. 2009 பிப்ரவரியில் சைபீரியாவுக்கு மேலே ஒரு அமெரிக்கச் செயற்கைக்கோளும் செத்துப்போன ரஷ்யச் செயற்கைக்கோளும் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாயின. 'இன்டர்ஸ்டெல்லார்' பற்றி எழுதாத பத்திரிகை இல்லை, அதனால் தாண்டிப் போகிறேன். 'தி கோர்' (2003)? பாப்கார்ன் இருந்தால் பார்க்கலாம்.

ஒரு படத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை விளக்கை அணைத்து, வாயை மூடி, பயந்து. இரண்டாம் முறை ரிமோட்டும் துண்டுக் காகிதமுமாக. கல்லின் அகலம், மீதி நாள், குண்டின் அளவு என்று படம் உதிர்க்கும் எண்களை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இருந்தால் கணக்கை அதனிடம் கொடுங்கள். படம் முடிவதற்குள் போட்டுவிடும்.

பயிற்சிக்கு நல்ல நாள் ஒன்று வருகிறது. சுமார் 350 மீட்டர் அளவுள்ள அபோஃபிஸ் என்ற சிறுகோள் 2029இல் பூமியிலிருந்து 32,000 கிலோமீட்டர் தொலைவில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களைவிடக் கிட்டத்தில் கடந்துபோகும். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வெறும் கண்ணுக்கே தெரியும். இன்னும் நூறு வருடத்துக்காவது அது நம்மீது மோத வாய்ப்பில்லை என்று நாசா கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது. மிக அருகில் வரும் நேரம், நம் கடிகாரப்படி ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணி. அன்று தமிழ்ப் புத்தாண்டு.